தலை சாய்ந்த இடம்

முதலில் சக்கரம், பிறகு உடம்பு, கடைசியில் உள்புறம். இந்த வரிசை மாறக் கூடாது. சக்கரத்தில் படிந்திருப்பது வெறும் தூசி இல்லை, பிரேக்கிலிருந்து உதிர்ந்த இரும்புத்தூள், அதைத் தொட்ட துணி அதற்குப் பிறகு வேறு எதையும் தொடக் கூடாது. இதைக் கோவர்த்தனிடம் இருபத்தாறு வருஷம் சொன்னேன். அவன் பிரம்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நீ சொன்னாச் சரி வாத்தி, நீதானே தொடைக்கப் போறே" என்பான். பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தன் ஃபவுண்டரி வாசலில் ஒரு லாரிக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டான். வாழ்நாளில் அவன் முடிக்காமல் விட்ட ஒரே வசவு அதுவாகத்தான் இருக்கும். கார் இப்போது என் போர்ட்டிகோவில் நிற்கிறது. இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை, அரக்குச் சிவப்பு, வயதில் எனக்குத் தம்பி. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் உடனே எவ்வளவுக்குப் போகும் என்று கேட்பார்கள். எனக்குப் பிறகு இது வாத்திக்குத்தான் என்று அவனே நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தான். கேலியாகத்தான் சொன்னான். செத்தவர்களின் கேலியை யாரும் கேலியாக எடுத்துக்கொள்வதில்லை, பதினாறாம் நாள் முடிந்ததும் சாவி என் கைக்கு வந்தது. மணி ஆறரை. பத்து மணிக்கு வசுந்தரா வருகிறாள், கோவர்த்தனின் மனைவி. நேற்று மாலை போன் செய்தாள். "அண்ணா, நாளைக்குக் காரமடை போயிட்டு அப்படியே உங்க வீட்டுக்கு வர்றேங்ணா. அஞ்சு நிமிஷம் அவரு சீட்டுல உக்காந்துட்டுப் போயிடறேன். வீட்ல அவரு துணிமணி, மெத்தை, தலகாணி எல்லாத்தையும் காரியத்தன்னைக்கே எடுத்துக் குடுத்துட்டாங்க. எங்கயும் அவரு வாசமே இல்லைங்ணா. அந்த சீட்டுல மட்டுந்தான் இருக்கும்." தாராளமாக வரச் சொன்னேன். "தொடைச்சு கிடைச்சு வெச்சிராதீங்ணா" என்றாள். "சேச்சே" என்றேன். நான் சேச்சே என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்று மாதமாக அவள் வராததற்குக் காரணம் அவள் மாமியார். துக்க வீட்டுப் பெண் மூன்று மாதம் கழித்துக் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் அடுத்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். அந்த மூன்று மாதம் இன்று முடிகிறது.

இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். அழுக்குத் துணியை முதலில் வெறும் தண்ணீரில் அலசி, அதன்பிறகே ஷாம்புவில் முக்க வேண்டும். ஒரே வாளியில் வேலையை முடிக்கிறவன் காரைக் கழுவவில்லை, காரின் மண்ணை எடுத்துக் காரிலேயே தேய்க்கிறான். வேதியியல் துறையில் முப்பத்தொரு வருஷம் மேற்பரப்புகளைப் பற்றியே பாடம் எடுத்தவன் நான், ஒரு பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் இரண்டாம்பட்சம்தான், எதுவும் நடப்பது மேல்தோலில்தான். சமையலறை ஜன்னலில் என் மனைவி மீனலோசனியின் தலை தெரிந்தது. "அது சிறுவாணித் தண்ணிதானே?" என்றாள். ஆமாம் என்றேன். "வாரத்துக்கு ஒருக்கா வர்ற தண்ணி. மனுஷங்க குடிக்கறதுக்கு. அதுல காரைக் குளிப்பாட்டறீங்க." போர் தண்ணீரில் உப்பு அதிகம், காயும்போது வட்டம் வட்டமாகக் கறை விழும் என்று விளக்கினேன். "என் பாத்திரத்துல விழலையா? முப்பத்தஞ்சு வருஷமா விழுது. அதை யாரு கவலைப்பட்டா?" கறிவேப்பிலை உருவிக்கொண்டே பேசினாள், அவள் கை வேலையை நிறுத்தாமல் பேசும்போது அது சண்டை இல்லை என்று அர்த்தம். "பாவம் வசு. மோந்து பாக்கறதுக்காகக் காரமடையிலிருந்து வர்றா பாருங்க." நான் கதவுக் கைப்பிடியின் கீழே தேய்த்துக்கொண்டிருந்தேன், அங்கே விரல் நகங்களின் கீறல் பிறைபிறையாக விழுந்திருக்கும், அவனுடைய நகங்கள். ஏனோ கேட்டுவிட்டேன். "நான் போயிட்டா என் தலையணையை வெச்சிருப்பியா?" அவள் சிரித்தாள், வாய்விட்டு, இலை கீழே சிந்தும்படி. "உங்க தலகாணியா? அன்னைக்கே சுடுதண்ணில ஊறப் போட்டுருவேன். எத்தனை வருஷத்து வேர்வை!" அதில் வன்மம் துளியும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதில் சொல்லியிருப்பேன். அவள் உள்ளதைச் சொன்னாள். குக்கர் விசிலடித்தது, தலை மறைந்தது. சுடுதண்ணீர் என்றாளே, வெறும் தண்ணீர் என்றுகூடச் சொல்லவில்லை. எண்ணெய்ப் பிசுக்குக்குச் சுடுதண்ணீர்தான் சரி, அவள் சொன்ன முறையில் பிழை இல்லை.

துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கக் கூடாது. நீளவாக்கில், காற்று ஓடும் திசையில், ஒரு கோடு முடிந்ததும் துணியைப் புரட்டி அடுத்த கோடு. வட்டமாகத் துடைத்த கார் நிழலில் பளபளக்கும், வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால் முழுக்கச் சிலந்திவலைக் கீறல். ஊரில் பாதிக் கார்கள் அப்படித்தான் ஓடுகின்றன, மனிதர்களும். துடைத்த பிறகு கிளே, களிமண்போல் பிசையக்கூடிய கட்டி அது, ஈரமான பெயிண்டின்மேல் அதை வழுக்கவிட்டால் கண்ணுக்குத் தெரியாத துகள்களை ஒட்டி எடுத்துக்கொள்ளும், கையில் சொரசொரவென்றிருந்த பரப்பு சட்டென்று மௌனமாகும். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கும். பானெட்டின் இடப்பக்கம் ஒரு பழைய எச்சத்தின் தடம் இருக்கிறது, காகமோ மைனாவோ. பறவை எச்சத்தில் அமிலம் இருக்கிறது, அதனால்தான் அரிக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள், அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. வெயிலில் பெயிண்ட் இளகுகிறது, எச்சம் காய்ந்து சுருங்குகிறது, மாலையில் குளிரும்போது பெயிண்ட் அந்தச் சுருக்கத்தின் வடிவத்திலேயே இறுகிவிடுகிறது. பிறகு எச்சத்தைத் துடைத்தாலும் அச்சு போகாது. கோவர்த்தன் என்மேல் போட்டதும் அப்படித்தான். இந்தக் காரை ஒரே ஒரு தடவைதான் எனக்கு ஓட்டக் கொடுத்தான், வாளையார் தாண்டி, பாலக்காட்டு ரோட்டில், அவன் வாங்கிய முதல் வருஷம். மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது பற்கள் உரசி ஒரு சத்தம் வந்தது. ஒரு சத்தம்தான், இரண்டு நொடி இருக்குமா. "வாத்தி கியர் போட்டா மூணு தெருவுக்கு இட்லி மாவு அரைக்கலாம்டா!" இதை அவன் அன்று சொன்னான், அடுத்த ஞாயிறு சொன்னான், என் கல்லூரி ஆண்டு விழாவில் மாணவர்கள் முன்னால் சொன்னான், என் மகள் கல்யாணத்தில் சம்பந்தி கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். சம்பந்தி இன்னும் சொல்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் நான் அவன் வீட்டுக்குப் போய் இந்தக் காரைக் கழுவினேன். அவன் கேட்கவில்லை, நானாகத்தான் முதல் முறை துணியை எடுத்தேன், அவன் டிரைவர் மண்ணெண்ணெயில் துடைப்பதைப் பார்க்கச் சகிக்காமல். இரண்டாம் முறை அவன் பிரம்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டான். மூன்றாம் முறையிலிருந்து அது வழக்கம். வசுந்தரா உள்ளேயிருந்து தட்டு நிறைய ஆப்பம் அனுப்புவாள்.

வேக்ஸ் மெல்லியதாகத்தான் பூச வேண்டும். கை நிறைய அள்ளிப் பூசுகிறவர்களுக்கு ஒன்று புரியவில்லை, அது உணவு இல்லை, போர்வை. எட்டேகால் ஆகிவிட்டது. ஆனிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து வேக்ஸை வேகமாக உலர்த்துகிறது, நல்ல துணியால் எடுத்தால் அரக்குச் சிவப்புக்குள் போர்ட்டிகோ தூண், செம்பருத்திச் செடி, நான். என் முகம் பானெட்டின் வளைவில் அகலமாக, திருப்தியான தவளையைப் போலத் தெரிந்தது. கதவுகளை விரியத் திறந்தேன். வாக்குவம் கிளீனரைப் போட்டுக் கார்ப்பெட்டை இழுத்தேன், டேஷ்போர்டை ஈரத்துணியால் ஒற்றினேன், தேங்காய் எண்ணெய் போட்டு மினுக்குகிற கூட்டம் ஒன்று உண்டு, அவர்களைப் பற்றி இப்போது வேண்டாம். பக்கத்து இருக்கையை எடுத்துக்கொண்டேன். அவள் சொன்னது டிரைவர் சீட்டை மட்டும்தான், இதைத் துடைப்பதில் தவறே இல்லை. மணமில்லாத லெதர் சோப்பு, மெல்லிய பிரஷ், வெள்ளைத் துணி. தோல் பழுப்பு நிறம், பாலில் டிகாக்ஷன் கொஞ்சம் தூக்கலாக விட்டது மாதிரி. நுரையைப் பரப்பி, நூலோட்டங்களில் பிரஷை ஓட்டி, துணியால் ஒற்றி எடுத்துப் பார்த்தேன். துணி வெள்ளையாக இருந்தது. இன்னொரு முறை செய்தேன், சாய்மானம், அடிப்பக்கம், தலை படுகிற மேல்விளிம்பு. வெள்ளை. இந்த இருக்கையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தது யார்? வசுந்தரா இல்லை, அவளுக்கு வீட்டின் பெரிய கார், பின்சீட். கோவர்த்தன் கழுவிய காரை ஓட்டிக்காட்ட ஒவ்வொரு ஞாயிறும் என்னைத்தான் ஏற்றிக்கொண்டு போவான், அவினாசி ரோட்டில் போய்த் திரும்பி. கணக்குப் போட்டால் ஆயிரம் தடவைக்கு மேல் வரும். ஆயிரம் தடவை உட்கார்ந்தவனின் அடையாளம் ஒரு துணியைக்கூட அழுக்காக்கவில்லை. முதுகு அழுந்திய பள்ளம் இல்லை, தலை சாய்ந்த நிறமாற்றம் இல்லை. நான் சாயவே இல்லையோ? நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேனோ? அவன் காரில் அழுக்குப் படக் கூடாதென்று நானே முதுகை எடுத்து வைத்திருந்தேனோ என்று யோசித்துப் பார்க்கிறேன், அப்படித்தான் இருக்க வேண்டும். குனிந்து மூக்கை வைத்தேன். மாட்டுத்தோல். கொஞ்சம் சோப்பு. நாளைக்கு யாராவது என்னைத் தேடி இங்கே வந்தால் மாடுதான் கிடைக்கும். யார் வரப்போகிறார்கள், அங்கே தலையணை ஊறிக்கொண்டிருக்கும்.

டிரைவர் இருக்கை அப்படி இல்லை. அதில் கோவர்த்தன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் சொல்ல வேண்டும். தொடை அழுந்திய இரண்டு பள்ளம், வலது பக்கம் கொஞ்சம் கூடுதல் ஆழம், பர்ஸ் வைத்திருந்த பக்கம். சாய்மானத்தில் முதுகின் அகலம். மேல்விளிம்பில், தலை சாய்ந்த இடத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு கரும்பழுப்பு. எண்ணெய். வசுந்தரா காய்ச்சிய எண்ணெய் அது, செம்பருத்தி, கறிவேப்பிலை, வெட்டிவேர் போட்டு மாதம் ஒரு முறை வாணலியில் காய்ச்சுவாள், அந்தத் தெருவுக்கே வாசம் தெரியும், அவன் ஒருவன் தலைக்காக. அவளுக்கு வாசம்தான் வேண்டுமென்றால் இன்னொரு தடவை காய்ச்சிக்கொள்ளலாமே என்று நேற்று போனை வைத்ததும் நினைத்தேன். அது சரியில்லை என்பதும் எனக்குத் தெரியும், வாணலியில் இருப்பது எண்ணெய், இங்கே இருப்பது எண்ணெய் ஒரு மனிதனைக் கடந்து வந்தபின் ஆனது, அதை எந்த ஆய்வுக்கூடத்திலும் திரும்பச் செய்ய முடியாது. குனிந்து முகர்ந்தேன். வெட்டிவேர், வியர்வை, ஃபவுண்டரி மண்ணின் எரிந்த நெடி, கொஞ்சம் வெற்றிலை. "டேய் வாத்தி" என்பதுபோல இருந்தது. இந்த இருக்கையை மட்டும் அவன் என்னைத் தொடவிட்டதில்லை. துணியோடு நெருங்கினாலே நாற்காலியிலிருந்து சத்தம் வரும். "அங்க வேண்டாம். அது என் சைஸுக்கு வந்துருச்சு. நீ தொட்டின்னா பரீட்சை பேப்பர் மாதிரி வழவழன்னு ஆக்கிருவே." ஆப்பத்தைப் பிய்த்துக்கொண்டே சொல்வான். ஒரு காரில் எல்லா இடத்தையும் துடைத்து ஒரே ஒரு இடத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து போவது எப்படி இருக்கும் என்று துடைக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். இருபத்தாறு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை முடியாமலேயே வீடு திரும்பினேன்.

எந்தச் சோப்பையும் நேராகப் போட்டுவிடக் கூடாது, முதலில் கண்ணில் படாத ஒரு ஓரத்தில் காசளவு போட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும், டப்பாவிலேயே அச்சடித்திருப்பார்கள். நான் சோதிக்கத்தான் போகிறேன். இரண்டு இருக்கைகளின் நிறமும் இப்போது வேறுவேறாகத் தெரிகிறது, ஒன்று டிகாக்ஷன், ஒன்று வடித்தெடுத்த கசடு, வாசலில் இறங்கியதும் வசுந்தராவின் கண்ணில் அதுதான் உறுத்தும், பாவம். இருக்கையின் அடியில், பின்பக்கம், எவ்வளவோ மறைவான இடம் இருக்கிறது. காசளவு நுரையை நான் மேல்விளிம்பில் வைத்தேன், கரும்பழுப்பின் நடுவில். ஏன் அங்கே என்று கேட்டால், எண்ணெய் இருக்கிற இடத்தில் சோதித்தால்தானே எண்ணெய் போகிறதா என்று தெரியும், எண்ணெய் இல்லாத இடத்தில் சோதித்து என்ன பயன்? தர்க்கம் சரியாகவே இருந்தது. எனக்குத் தர்க்கம் எப்போதும் சரியாகவே இருக்கும். சோப்பு மேலாகத்தான் எடுத்தது, இவ்வளவு வருஷ எண்ணெய் தோலுக்குள் இறங்கிவிட்டது, அதை வெளியே உறிஞ்ச ஒரு தூள் வேண்டும். மேஜை இழுப்பறையிலிருந்து சாக்பீஸ் பெட்டியைக் கொண்டுவந்தேன், ஓய்வு பெற்ற அன்று யாரையும் கேட்காமல் எடுத்து வந்தது. உரலில் இட்டு நுணுக்கி, காசளவுக்குத் தூவி, மீனலோசனியின் ஹேர் டிரையரால் வெதுவெதுப்பாகக் காற்றடித்தேன். எண்ணெய் இளகி மேலே வர, தூள் குடிக்கக் குடிக்க வெள்ளை மஞ்சளாகிப் பழுப்பாகியது. பிரஷால் தட்டினேன். காசளவு வட்டம், அதற்குள் புத்தம்புதுத் தோல், அவன் இந்தக் காரை வாங்கிய நாளின் நிறம். சோதனை வெற்றி. இத்தோடு நிறுத்த வேண்டும். மணி ஒன்பது ஐந்து.

ஆனால் கரும்பழுப்புக்கு நடுவே ஒரு வெளுத்த வட்டம், இதை அப்படியே விட முடியுமா? வழுக்கை மாதிரி இருக்கிறது. ஓரங்களைக் கொஞ்சம் மங்கலாக்கி வட்டம் தெரியாமல் செய்துவிடலாம் என்று இன்னும் கொஞ்சம் தூள். ஓரம் நகர்ந்ததே தவிர மறையவில்லை, அதற்கு அடுத்த ஓரம், அதற்கும் அடுத்தது. பிறகு நான் சாக்பீஸை எண்ணவில்லை. வெதுவெதுப்பில் வாசம் எழும்பியது, அப்படி எழும்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, எதிர்பார்த்திருக்க வேண்டும், சூட்டில் ஆவியாகிறது, பதினோராம் வகுப்புப் பாடம். போகிற நேரத்தில்தான் அது முழுசாக வந்தது. கோவர்த்தன் முழுசாக வந்தான், பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிற கோவர்த்தன், வெற்றிலை வாயோடு. எனக்குத் துறைத்தலைவர் பதவி இல்லை, என்னிடம் படித்தவனுக்கு என்று கடிதம் வந்த அன்று அவன் கல்லூரி வாசலில் இந்தக் காரோடு நின்றிருந்தான். யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஏறு என்றான். வால்பாறை வரை ஓட்டினான், நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் அவன் கைதான் கியரைத் தவறவிட்டது, அதே சத்தம், மாவு அரைக்கிற சத்தம். நான் திரும்பிப் பார்த்தேன். அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டு, "உனக்காகத்தான் போட்டேன்" என்றான். அதன்பிறகுதான் நான் அழுதேன், அவன் பார்க்காதது போல ஓட்டினான். இதை நான் எங்கே வைத்திருந்தேன்? இத்தனை வருஷம் இட்லி மாவை மட்டும்தானே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரையரை அணைத்தேன். பார்த்தால் பாதி போயிருந்தது. வலது பாதி கரும்பழுப்பு, இடது பாதி புதுசு, நடுவில் அலை அலையாக எல்லை. அந்தப் பாதியை விட்டிருக்கலாம். அந்தப் பாதியில் அவன் இருந்தான், போதுமான அளவு இருந்தான், ஒருத்தி ஐந்து நிமிஷம் மூக்கு வைக்கப் போதும். ஆனால் பாதி அழித்த கறை இருக்கிறதே, முழுக் கறையைவிட அது அசிங்கம். பார்த்ததுமே யாரோ கைவைத்தது தெரிந்துவிடும். முழுசாக எடுத்துவிட்டால் தெரியாது. முழுசான சுத்தம் மட்டும்தான் தடயம் வைக்காதது. நான் மறுபடி டிரையரைப் போட்டபோது எனக்குக் கோபம்கூட இருக்கவில்லை, வேலையில் இருந்தேன். துணியை அலசினேன், வாளித் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. தொடைப் பள்ளங்களில் சோப்பு, பள்ளம் நிமிராது, ஆனால் வெந்நீர்த் துணியைப் போட்டு வைத்தால் தோல் கொஞ்சம் இறுகிக்கொள்ளும், போட்டு வைத்தேன். கூரையின் உள்துணியில் அவன் தலை உரசும் இடம் ஒன்று இருந்தது, ஞாபகமாக அதையும். கண்டிஷனர் கடைசியில், விரல் நுனியால், தோலுக்கு அது சாப்பாடு என்று விளம்பரத்தில் சொல்வார்கள், செத்த தோல் எதையும் சாப்பிடாது. மூக்கை வைத்தேன். மாட்டுத்தோல். கொஞ்சம் சோப்பு. இரண்டு இருக்கையும் ஒன்று. இப்போது அந்தக் காரில் நானும் இல்லை, அவனும் இல்லை, சரிசமம்.

மணி ஒன்பது ஐம்பது. பெடஸ்டல் ஃபேனை இழுத்துவந்து கதவோரம் வைத்தேன், ஈரம் கையில் தட்டுப்படக் கூடாது. பயம் இப்போதுதான் வந்தது, சின்ன வயதில் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்த பிறகு வரும் அதே பயம். அவள் கேட்டால்? தொடைக்கவில்லை என்று சொல்லலாம். மழைச்சாரல் அடித்தது என்று சொல்லலாம், மழையே பெய்யவில்லை. அவளுக்கு மூக்கில் வராது என்று எப்படிச் சொல்ல முடியும், ஏமாந்து ஏதாவது வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளலாம், மனிதர்கள் தேடிப்போனதை எப்படியும் முகர்ந்துவிடுவார்கள், அப்படி நடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நடக்காது என்று தெரிந்தது, முப்பது வருஷம் எண்ணெய் காய்ச்சியவளின் மூக்கு. தெருமுனையில் அவர்கள் வீட்டுப் பெரிய கார் திரும்புகிற சத்தம் கேட்டது. மீனலோசனி கைகளைப் புடவையில் துடைத்தபடி வெளியே வந்தாள். "வா வசு, வா" என்று கேட் வரைக்கும் போனாள். வசுந்தரா மெலிந்திருந்தாள், நெற்றியில் கோயிலில் வைத்த சந்தனம் மட்டும், கையில் துளசி வைத்த பிரசாதப் பை. என்னைப் பார்த்து, "காரு எப்படி மின்னுது பாருங்ணா. அவரு இருந்தா உங்களைக் கிண்டல் பண்ணியே கொன்னுருப்பாரு" என்றாள். சிரிக்க முயன்றாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு, ஏதோ கருவறைக்குள் போகிறவளைப் போலக் குனிந்து உள்ளே நுழைந்தாள். "கதவைச் சாத்திருங்ணா" என்றாள். சாத்தினேன், இந்தக் காரின் கதவு தட்டென்று சாத்தாது, கனமாக, ஒரே மூச்சில் மூடிக்கொள்ளும். கண்ணாடியை நான் சுத்தமாகத் துடைத்திருந்ததால் அவள் நன்றாகத் தெரிந்தாள். ஸ்டியரிங்கைத் தொட்டாள். தலையைச் சாய்த்தாள், அவள் குட்டை, மேல்விளிம்பு எட்டவில்லை, திரும்பி முழங்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் சாய்மானத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை அந்த இடத்தில் பதித்தாள். சரியாக அந்த இடத்தில். தோள்பட்டை மூச்சிழுத்து ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பிறகு முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து முகர்ந்தாள். பிறகு கீழே. பிறகு பள்ளங்களில், கூரைத் துணியில். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்களுக்கு வருகிற அவசரம் அவள் கழுத்தில் வந்தது. பக்கத்து இருக்கையைக்கூட முகர்ந்தாள். நான் தூணைப் பார்த்தேன்.

கதவைத் திறந்துகொண்டு அவளாகவே இறங்கினாள். செருப்பைக் கால் தேடியது. "ஒண்ணுமே இல்லைங்ணா" என்றாள். குரலில் அழுகை இல்லை, புரியாத ஒரு கணக்கை வாசிப்பது போல இருந்தது. "சோப்பு வாசம்தான் வருது. தொடைச்சீங்களா?" மீனலோசனி என்னைப் பார்க்கவில்லை. டீ நிறத் தண்ணீர் வாளியைப் பார்த்தாள், அதில் மிதந்த துணியைப் பார்த்தாள், தன் ஹேர் டிரையரைப் பார்த்தாள். பிறகு காலால் வாளியை மெதுவாகத் தூணுக்குப் பின்னால் தள்ளினாள், யாருக்காகத் தள்ளினாள் என்று எனக்குத் தெரியாது, நான் அதைக் கேட்கப்போவதும் இல்லை. "வெளியிலதாம்மா கழுவினேன். நீ வர்றேன்னு" என்றேன். "அந்த வாசம் உள்ளே ஏறியிருக்கும். தோலைப் பத்தி ஒண்ணு சொல்லணும், அது எதையும் ரொம்ப நாளைக்கு வெச்சுக்காது. காத்துல கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டே இருக்கும், வேதியியல்ல அதுக்குக் கணக்கே இருக்கு." அவள் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள், நல்ல மாணவி. "அப்ப நான் முன்னாடியே வந்திருக்கணுங்ளா?" என்றாள். "எனக்குத் தெரியலைங்ணா. அத்தைதான், கோயிலுக்குப் போகாம யார் வீட்டுக்கும் போகக் கூடாதுன்னு. நானும் சரின்னு உக்காந்துட்டேன். ஓடி வந்திருக்கணும், யாரு என்ன சொன்னா என்ன? மூணு மாசம் சும்மா உக்காந்திருந்தேன் பாருங்க." மீனலோசனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்ல வசு, அப்படியெல்லாம் இல்ல" என்றாள். ஆனால் வசுந்தரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்குத்தானே கணக்குத் தெரியும். "எப்பங்ணா போயிருக்கும்?" என்று கேட்டாள். மூன்று மாதம் ஆகியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம், இரண்டாம் வாரமே போய்விட்டது, நீ எப்போது வந்திருந்தாலும் இருந்திருக்காது என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"போன ஞாயித்துக்கிழமைகூட இருந்துச்சும்மா" என்றேன்.